பின்னால் தள்ளியிருந்த சீட்

ஏப்ரல் 11

மன்னிக்க வேண்டும். இது அப்பாவின் டைரி. டயர் கடைக்காரர் வருடா வருடம் கொடுப்பார். அப்பா அதில் ஒரு எழுத்தும் எழுதாமல் டி.வி.க்கு மேல் அடுக்கி வைப்பார். கேட்காமல் எடுத்துக்கொண்டேன். எழுதும் அளவுக்கு என் வாழ்க்கையில் எதுவும் நடந்ததில்லை. அதற்கும் சேர்த்து மன்னிப்பு. வெளியாட்களிடம் எனக்கு வாய் திறக்க வராது. கேட்க நினைத்த கேள்வி வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வரும். எழுதி வைத்தால் அண்ணனிடமாவது காட்டிக் கேட்கச் சொல்லலாம்.

வேலை கிடைத்துவிட்டது. கொல்லிமலையில் மிளகும் காப்பியும் விளைவிக்கிறவர்கள் சேர்ந்து நடத்தும் நிறுவனத்தில் கள அலுவலர். தோட்டம் தோட்டமாகப் போய் மண் எடுக்க வேண்டும், நாற்றுகளைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், மிளகுக்கொடி வாடினால் ஏன் என்று பார்க்க வேண்டும். நான் படித்ததே இதற்குத்தான். ஜூன் மூன்றாம் தேதி சேர வேண்டும். ஒரே நிபந்தனை, மண் பாதையில் ஏறி இறங்கும் சொந்த வண்டி. முன்பு இருந்தவர் மொபெட்டில் போய் மழையில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டாராம். எரிபொருளுக்கு அவர்கள் கொடுப்பது மாதாமாதம் ஒரே தொகைதான். அதிகம் குடிக்கிற வண்டி என்றால் என் சம்பளத்தையும் அதுவே குடித்துவிடும்.

இந்த வீட்டில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்தி. அப்பா லாரி ஓட்டினார், இடுப்பு வலியால் இப்போது வீட்டில் இருக்கிறார். அம்மா கோழிப் பண்ணையில் முட்டை பிரிக்கிறாள். அண்ணன் லோகநாதன் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். வண்டியைப் பற்றித் தெரியாதவள் இங்கே நான் மட்டும்தான். கல்லூரியில் படித்தபோது லைசென்ஸ் எடுத்தேன். அதன் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

செய்தியைச் சொன்னதும் அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா அண்ணனைப் பார்த்தார். அண்ணன்தான் சிரித்தான்.

"மோகனா, நீயே பாத்து ஒரு வண்டி சொல்லு. எதுன்னாலும் எடுத்துரலாம்."

மாசியில் கோயம்புத்தூர்க்காரர்கள் பெண் பார்த்துவிட்டுப் போனபோது, முதலில் ஒரு வருடம் வேலைக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். அப்பா "சரி கண்ணு" என்றார். இப்போது இதுவும். என் அதிர்ஷ்டத்தின் மேல் நானே கண்ணு வைத்துவிடக் கூடாது.

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. பாயசம் முடிந்ததும் அண்ணன் பட்டறை முதலாளியின் பழைய ஜீப்பை இரவல் வாங்கி வந்தான். வறண்டு கிடக்கும் ஏரிக்குள் இறக்கி, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

வண்டி குதித்தது, நின்றது, மறுபடி குதித்தது.

"கிளட்ச்ச மெதுவா உடு புள்ள. அது கால், ஒலக்கை இல்ல."

"தானா நிக்குதுண்ணா."

"தானா நிக்கல, பயந்து நிக்குது. உன்ன மாதிரியே."

மேட்டிலிருந்து இறங்கும்போது பிரேக்கை மிதிக்காமல் முதல் கியரிலேயே விட வேண்டும், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும் என்றான். நம்பவில்லை. செய்து பார்த்தேன். உண்மையாகவே பிடித்துக்கொண்டது. கருவேல மரங்களுக்கு நடுவே ஒரு பள்ளம் வந்ததும் நிறுத்தச் சொன்னான்.

"எறங்கு. நடந்து பாத்துட்டு வா. ஆழம் எவ்வளவு, கல்லு எங்க கெடக்குதுன்னு பாரு. நீ நடக்காத பாதைல வண்டிய உடாத."

நடந்து பார்த்துவிட்டு வந்து ஓட்டினேன். தாண்டிவிட்டேன். அண்ணன் கை தட்டினான், ஒரு கையால் தொடையில். வலது கை ஹேண்ட்பிரேக்கில் இருந்தது. முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது.

ஏப்ரல் 19

பெரிய எஞ்சின் தேவையில்லை என்று புரிகிறது. புதிதாக மலைப் பாதைக்குப் போகிறவளுக்கு அடிப்பக்கம் கல்லில் தட்டாத உயரம் வேண்டும். நான்கு சக்கரங்களும் இழுக்க வேண்டும், ஏனென்றால் மழையில் பின்சக்கரம் இரண்டும் சேற்றில் சுற்றிக்கொண்டே நிற்கும். நீளம் குறைவாக இருந்தால் திருப்பங்களில் ஒடித்துத் திருப்பலாம். இவ்வளவும் இருந்து டீசலும் குறைவாகக் குடிக்க வேண்டும்.

"மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு கண்டிசன் போட மாட்டா போல" என்றான் அண்ணன். அம்மா சிரிக்கவில்லை. தோசையைத் திருப்பிப் போட்டாள்.

ஏப்ரல் 23

கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். சேந்தமங்கலத்தில் பொன்னுரங்கம் என்று ஒரு காப்பி வியாபாரி. மலைக்கு ஏறி இறங்கிய டஸ்டர் கார் ஒன்றை விற்கிறார். டீசல், நான்கு சக்கரமும் இழுக்கும் வகை. சாதாரணமாக முன்சக்கரம் மட்டும் ஓடும், சேறு வந்தால் ஒரு குமிழைத் திருப்பினால் பின்சக்கரமும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் டீசல் அதிகம் ஆகாதாம். விலை என் சேமிப்புக்குள் அடங்குகிறது. விதைக் கடையில் இரண்டு வருடம் வேலைக்கு நின்றது வீண் போகவில்லை.

குனிந்து அடியில் பார்த்தேன். இரும்புத் தகட்டில் கீறல்கள் இருந்தன, துரு இல்லை. பொன்னுரங்கம் அண்ணனிடம், "பாப்பா அடியில பாக்குது பாருங்க. பாதிப் பேரு பாட்டுப் பொட்டிய ஆன் பண்ணிப் பாத்துட்டுப் போயிருவாங்க" என்றார். என் காது சூடாகிவிட்டது.

ஓட்டிப் பார்க்கச் சொன்னார். சீட்டை முன்னால் இழுத்தேன், இன்னும் இழுத்தேன், அது முடிகிற இடம் வரை.

"ஸ்டியரிங்கயே மடியில வெச்சுக்கோ" என்றான் அண்ணன். அவனும் ஒன்றும் உயரமில்லை. என்னைவிட இரண்டு விரல் கூட இருப்பான்.

கொல்லிமலை அடிவாரம் வரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். பேரம் முழுவதும் அண்ணனே பேசினான். நான் வண்டியின் பின்கதவைத் திறந்து, எத்தனை நாற்றுத் தட்டு வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 27

டஸ்டர் விற்றுப் போய்விட்டதாம். அண்ணன் சொன்னான்.

ஏப்ரல் 30

நேற்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் இன்று அண்ணன் சொன்னது இது:

"பழசு எதுக்குங்கறேன்? அடுத்தவன் ஓட்டி எறிஞ்சத நீ ஓட்டோணுமா? அப்பா லாரிய வித்த பணம் சும்மாதான கெடக்குது. புதுசே எடுக்கலாம்."

அப்பாவைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார்.

குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். அந்த லாரியைத்தான் அப்பா தன் உடம்பாக நினைத்தார். அதை விற்ற பணத்தை எனக்காக எடுக்கிறார்.

மே 4

ஜிம்னி என்று ஒரு வண்டி. சின்னது, கனம் குறைவு, அடிப்பக்கம் டஸ்டருக்குச் சமமான உயரம். இறக்கத்துக்கென்று தனியாக மெதுவான கியர் உண்டு. பெட்ரோல்தான், ஆனாலும் மற்ற ஜீப் வகைகளைவிடக் குறைவாகத்தான் குடிக்கும். எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். என் வீட்டில் என்னை இவ்வளவு நேரம் யாரும் குறுக்கே பேசாமல் கேட்டதில்லை.

பிறகு ஒவ்வொருவராகக் கேட்டார்கள். அம்மா: "வெள்ளைக் கலர் இருக்குதா?" சேற்றில் ஓடுகிற வண்டிக்கு வெள்ளை எதற்கு என்றேன். "பாக்க அம்சமா இருக்கும்" என்றாள். அண்ணன்: "ஆட்டோமேட்டிக்கே சொல்லலாம். டவுனுக்குள்ள ஓட்டச் சுகம்." மலையில் கியர் என் கையில் இருந்தால் நல்லது, நீதானே முதல் கியரில் இறங்கச் சொல்லிக்கொடுத்தாய் என்றேன். "அதெல்லாம் பழகிக்கலாம்" என்றான். அப்பா: "ஆறடி ஆளு உக்காந்தா மேல தலை இடிக்குமா?"

எங்கள் வீட்டில் ஆறடி ஆள் யாரும் இல்லை. அப்பாவுக்கு லாரி கேபினில் உட்கார்ந்த பழக்கம்.

வெள்ளை, ஆட்டோமேட்டிக் என்று முடிவானது. அவர்கள் வாங்கித் தருகிறார்கள். எல்லாவற்றுக்கும் பிடிவாதம் பிடிக்கக் கூடாது.

மே 9

நாமக்கல்லில் ஷோரூம். அங்கே இருந்த பெண் என் கேள்விகளுக்கெல்லாம் அண்ணனைப் பார்த்துப் பதில் சொன்னாள். அண்ணனும் பெருமையாகத் தலையாட்டினான். வெளியே வந்ததும் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தான். வழக்கமாக என் டம்ளரிலிருந்து பாதி பிடுங்கிக் குடிப்பான். இன்று குடிக்கவில்லை.

மே 17

அம்மாவுடன் சேலம் போனேன். பட்டுப்புடவை எடுத்தாள். வேலைக்குப் போகிறவளுக்குப் பருத்தி போதும் என்றேன். "ஒண்ணு இருக்கட்டும்" என்றாள். நான் நிறம்கூடப் பார்க்கவில்லை. மலையில் போட ரப்பர் பூட்ஸ் வாங்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மே 24

வண்டி வந்துவிட்டது. நேற்றே அண்ணன் போய் எடுத்துவிட்டானாம், இன்று நான் இல்லாத நேரத்தில் வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறான். நல்ல நேரம் தவறிவிடும் என்றாராம் ஜோசியர். நான் பண்ணைக்குப் போய் அம்மாவின் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வருவதற்குள் எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் உடைத்து எல்லாம் முடிந்திருந்தது. வேப்ப மரத்தடியில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள்.

அண்ணன் பட்டறைக்குப் போன பிறகு தார்ப்பாயைத் தூக்கிக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். புது வாசனை. காலை நீட்டினேன். பிரேக் எட்டவில்லை. சீட் கடைசி வரை பின்னால் தள்ளியிருந்தது.

அண்ணன் ஓட்டி வந்த வண்டி, ஆனால் அவன் காலுக்கும் இது எட்டாது. நாமக்கல்லிலிருந்து வந்த வண்டிக்கு மீட்டரிலும் ஓட்டம் அதிகமாகத் தெரிந்தது. கோயம்புத்தூர் போய்த் திரும்பினால் ஆகும் அளவு. ஷோரூமில் உயரமான ஆட்கள் ஓட்டிப் பார்த்திருப்பார்கள்.

சீட்டை முன்னால் இழுத்து வைத்தேன்.

மே 25

காலையில் பார்த்தபோது சீட் மறுபடியும் பின்னால் இருந்தது.

மே 27

மதியம் ஒரு போன் வந்தது. ரசத்தில் உப்பு போட மறந்துவிட்டேன். எல்லோரும் அப்படியே சாப்பிட்டார்கள்.

மே 28

எழுதிவிடுகிறேன்.

நேற்றுப் பேசியது நவநீதன். மாசியில் பெண் பார்க்க வந்தவர். உயரமானவர், எங்கள் வாசல் நிலையில் குனிந்து நுழைந்தது நினைவிருக்கிறது. என் எண்ணை அண்ணன் கொடுத்தானாம்.

"ஞாயித்துக்கெழம நிச்சயத்துக்கு முன்னாடி ஒரு தடவ பேசிரலாம்னு நெனச்சேங்க" என்றார். "வண்டி உங்க செலக்சனாமே? சூப்பர்ங்க. உங்கண்ணன் இங்க கொண்டு வந்து ஒரு ரவுண்டு ஓட்டக் குடுத்தாரு. நான் மலைக்கெல்லாம் எங்கீங்க போறேன், ஆபீஸ் பார்க்கிங்லதான் நிக்கும். இருந்தாலும் கெத்தா இருக்குது."

என்ன நிச்சயம் என்று நான் கேட்கவில்லை. அவரே தொடர்ந்தார். "வேலை வேண்டாம்னு நீங்களா சொல்லிட்டீங்களாமே. நெசமாவே பெரிய மனசுங்க. எங்கம்மா கேட்டுட்டு ரொம்ப சந்தோசப்பட்டாங்க."

சரிங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். 'சரிங்க' என்றுதான் சொன்னேன்.

இன்று காலை அம்மாவிடம் கேட்டேன். கத்திரிக்காய் நறுக்குவதை நிறுத்தாமல் சொன்னாள்.

"அவங்க வாயத் தொறந்து ஒண்ணும் கேக்கலம்மா. நாமளா செய்யற சீரு. எந்த வீட்ல மாப்பிள்ளைக்குக் குடுக்கற வண்டியப் பொண்ணையே பாக்க உட்டாங்க? உன்ற இஷ்டப்படிதான எடுத்தோம்?"

"எனக்குன்னு சொன்னீங்கம்மா."

"உனக்குத்தான. நாளைக்கு நீயும் அதுல போவ. சீட்ட மட்டும் இழுக்காத, மாப்பிள்ளை உக்காந்த அளவுக்கு உங்கண்ணன் வெச்சிருக்கறான்."

பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அண்ணன் வாசலில் நின்றான். "மொதல்லயே சொல்லியிருந்தா நீ அழுதிருப்ப. வண்டியப் பாத்து மனசு மாறிருவன்னு நெனச்சேன். நல்ல எடம் மோகனா. இப்ப கைய உட்டா இனி எங்க போயி இப்பிடிப் புடிக்கறது? மலைமேல போயி மண்ண அள்றதுக்கா உன்னைப் படிக்க வெச்சோம்?"

"வேலை வேண்டாம்னு நான் சொன்னதா ஏண்ணா சொன்ன?"

"நான் சொன்னா என்ன, நீ சொன்னா என்ன? வீட்ல ஒருத்தர் சொன்னா எல்லாரும் சொன்ன மாதிரிதான்."

அந்த வண்டியில் நான் போவது பக்கத்துச் சீட்டிலா என்று கேட்க வேண்டியது. அவன் பைக் தெருமுனை திரும்பிய பிறகுதான் அந்தக் கேள்வி எனக்கு வந்தது. வழக்கம்போல.

அப்பா பழைய பனியனை நனைத்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அருகில் போய் நின்றேன். நிமிரவில்லை. "தார் ரோட்ல நிக்கப் போற வண்டி. நாலு சக்கரமும் இழுத்து என்னத்துக்கு ஆவப்போவுது" என்று தனக்குத்தானே சொன்னார். அவருக்கும் சேர்த்து எனக்குத்தான் கோபம் வந்தது. சரி கண்ணு என்று அவர் சொன்னதை இனிமேல் எங்கே கொண்டுபோய் வைப்பது?

மே 29

துணி துவைத்தேன். மூன்று பேருடையதையும்.

மே 30

நடக்காத பாதையில் வண்டியை விடாதே என்று சொல்லிக்கொடுத்தவன் அண்ணன்தான். அதனால் இறங்கி நடந்து பார்த்தேன்.

தோழி வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு சேந்தமங்கலம் பஸ் ஏறினேன். பொன்னுரங்கத்தின் கிடங்கு வாசலில் டஸ்டர் நின்றது. காப்பிச் சாக்கின் தூசி படிந்து, ஏப்ரலில் நின்ற அதே இடத்தில்.

"வாம்மா" என்றார். "கலியாணப் பொண்ணு வெயில்ல அலையற?"

"வண்டி வித்துப் போச்சுன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னா? பாத்துட்டுப் போன நாலாம் நாளு உன்ற அண்ணந்தான் போன் பண்ணுனாரு. தங்கச்சிக்குக் கோயமுத்தூர்ல முடிவாயிருச்சு, வண்டி வேண்டாம்னாரு. நானும் நல்லா இருக்கட்டும்னேன். அப்பறம் வந்தவனெல்லாம் பாட்டுப் பொட்டி சிறுசா இருக்குதுங்கறான்."

சாவியைக் கேட்டேன். உட்கார்ந்தேன். எனக்குப் பிறகு யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை போலிருக்கிறது. சீட் நான் இழுத்து வைத்த இடத்திலேயே இருந்தது, ஸ்டியரிங்கை ஒட்டி.

அங்கேதான் அழுகை வந்தது. அவர் காப்பி போட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டார். நல்ல மனிதர்.

வீட்டுக்கு வந்து ஏப்ரல் பதினொன்றாம் தேதியை எடுத்துப் படித்தேன். "அண்ணன்தான் சிரித்தான்" என்று எழுதியிருக்கிறேன். அந்தச் சிரிப்பு எதற்கு என்று இப்போது பார்க்கிறேன். ஏரியில் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அதற்கு மூன்று நாள் கழித்து. அப்போதே அவன் மனத்தில் இது இருந்ததா? எனக்கு நல்லது செய்தானா, நான் அடம் பிடிக்காமல் இருக்க விளையாட்டுக் காட்டினானா? கரும்புச்சாற்றில் பாதியைப் பிடுங்கிக் குடிக்காத அன்று மட்டும் அவனுக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது.

அவர்கள் எல்லோரும் செய்ததைவிட, நான் தேடிப் படித்ததை வைத்தே செய்ததுதான் தாங்கவில்லை. நான் இரவும் பகலும் ஒப்பிட்டுப் பார்த்து எழுதியதையெல்லாம் ஒரு மாப்பிள்ளைச் சீருக்கு எழுதியிருக்கிறேன்.

மே 31

நவநீதனுக்கு நானே போன் செய்தேன். எண்ணை அழுத்தி மூன்று முறை துண்டித்துவிட்டு, நான்காவது முறை பேசினேன்.

"வேலை வேண்டாம்னு நான் சொல்லலீங்க. திங்கக்கெழம சேரப் போறேன். ஞாயித்துக்கெழம யாரும் வர வேண்டாம்னு உங்க வீட்ல சொல்லிருங்க. மன்னிச்சுக்கோங்க."

அந்தப் பக்கம் அவர் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது. அவருக்காக வருத்தப்படக்கூடத் தொடங்கிவிட்டேன். பிறகு கேட்டார்:

"அப்ப... வண்டி?"

என் வாழ்க்கையில் முதல் முறையாக, கேட்கப்பட்ட நேரத்திலேயே பதில் வந்தது. "அது எங்க அப்பா லாரீங்க" என்றேன்.

ஜூன் 1

கோயம்புத்தூரிலிருந்து காலையிலேயே போன் வந்துவிட்டது. அம்மா என்னிடம் பேசவில்லை. பக்கத்து வீட்டில் உட்கார்ந்து அழுகிறாள். நான் கேட்க வேண்டும் என்றே அழுகிறாள். அப்பா தார்ப்பாயை இழுத்து வண்டியை மூடி, நான்கு பக்கமும் கயிறு கட்டினார். அந்த வண்டியை என்ன செய்வார் என்று தெரியவில்லை. என்னை ஓட்டச் சொல்லவில்லை. சொன்னாலும் எனக்கு வேண்டாம்.

அண்ணன் பட்டறைக்குப் போகவில்லை. மொட்டை மாடியில் நிற்கிறான். சாப்பிடக் கூப்பிட்டேன், இறங்கி வரவில்லை.

அண்ணா, இந்த டைரியை உன் பைக்கின் டாங்க் கவரில் வைக்கப் போகிறேன். அப்பாவின் டைரியை எடுத்ததற்கு முதல் பக்கத்திலேயே மன்னிப்பு கேட்டுவிட்டேன். உன்னிடம் மன்னிப்பு கேட்க எதுவும் இல்லை. நீயும் இப்போது கேட்காதே. கேட்டால் நான் உடனே சரி என்று சொல்லிவிடுவேன், அது உண்மையாக இருக்காது.

நான் கேட்டுக்கொண்டதால் பொன்னுரங்கம் டஸ்டரை நாளை வரை யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கிறார். என் பணம் என் கணக்கில் இருக்கிறது. நான் மட்டும் போய் வாங்கிவிடுவேன். ஆனால் அங்கிருந்து மலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள், அதற்கு மேல் மண் பாதை. உன்னைத் தவிர வேறு யாரும் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கவில்லை. உன் மேல் எனக்கு இருக்கும் கோபம் இதனால் ஒன்றும் குறையவில்லை.

நாளை காலை என்னுடன் வா. நான் ஓட்டுகிறேன். நீ பக்கத்தில் உட்கார். ஹேண்ட்பிரேக்கில் மட்டும் கை வைக்காதே.